சூரன் செத்தானா?



வேலை முடிந்து வந்து, உலையை ஏற்றிவிட்டு வானொலிப் பெட்டியின் பக்கம் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, பாடப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியிருக்கும் பிள்ளைகளே! இன்றைய பேச்சை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். அது என்னிடம் நான்காம் ஆண்டு படித்த ஒரு மாணவன் கேட்ட கேள்வி.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் கந்த சஷ்டி முடிந்த மறுநாள் அது. முன்தினம் மாலை திடலில் சூரசம்ஹாரம் நடந்திருந்தது. பெரிய ஊர்க் கோயில்களில் நடப்பதுபோலப் பெரிய பொம்மைகளுக்கு எங்களிடம் வசதி ஏது? மூங்கிலைப் பிளந்து கட்டி, பழைய தாள்களைப் பசை போட்டு ஒட்டி, இளைஞர்கள் தாங்களே தலைகள் செய்திருந்தார்கள். யானைத் தலை ஒன்று, சிங்கத் தலை ஒன்று, முறுக்கு மீசையோடு சூரன் தலை ஒன்று, கடைசியில் ஒரு மாங்கிளை. ஒவ்வொரு தலையும் விழும்போது பிள்ளைகள் போட்ட கூச்சல் அடுத்த டிவிஷன் வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையன் எழுந்து நின்றான். "சார், சூரன் செத்தானா, சாகலையா?" என்றான். "செத்துட்டான்" என்றேன். "அப்புறம் எப்படி சார் மயிலா நிக்கிறான்?" என்றான். "சாகலை, மயிலா மாறிட்டான்" என்றேன். "அப்ப நாம ஏன் சார் வருசா வருசம் கொல்றோம்?"

வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. சாமி காரியத்தில் குறுக்குக் கேள்வி கேட்காதே, உட்கார் என்று அதட்டிவிட்டேன். அவன் உட்கார்ந்துகொண்டான். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் குழந்தையின் கேள்வியைக் கிள்ளி எறியாதே என்று படித்துவிட்டு வந்தவன்தான் நான். விடை தெரியாதபோது பிரம்பு நினைவுக்கு வந்துவிடுகிறது.

நேயர்களே, நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. பிள்ளை கேட்கிறான்; "சாமி கண்ணைக் குத்தும்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். அதே பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். "உங்கள் சாமிக்கு ஏன் ஆறு முகம்? ஏன் யானைத் தலை?" என்று உடன் படிப்பவர்கள் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பலர் கேலிக்குக் கேட்பதில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்ல நம் பிள்ளைக்கு ஒரு சொல்லும் இருப்பதில்லை. முதலில் வெட்கப்படுகிறான். பிறகு எல்லாம் பொய் என்கிறான். அதற்குப் பிறகு கோயில் வாசலுக்கு வந்தால் அது திருவிழாக் கூட்டத்தைப் பார்க்கத்தான்.

கதை அப்படியே நடந்தது என்று சாதிப்பதும், வெறும் கட்டுக்கதை என்று தள்ளுவதும் ஆகிய இந்த இரண்டுக்கும் நடுவே நம் முன்னோர் போட்டுவைத்த வழி ஒன்று இருக்கிறது. அது படித்தவர்கள் நேற்றுக் கண்டுபிடித்த சமாதானமும் அல்ல. சிவபெருமான் முப்புரம் எரித்த கதையைத் திருமூலர் திருமந்திரத்தில் எடுத்துப் பேசுகிறார். ஆகாயத்தில் பறந்த மூன்று ஊர்களை எரித்ததாகவே அதைக் கொள்பவர்களைக் கொஞ்சம் கடுமையாகவே கண்டிக்கிறார். எரிந்தவை ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று மலங்களின் செயல்கள் என்கிறார். சைவத்தின் பெரிய சித்தர் ஒருவரே இப்படிச் சொன்ன பிறகு, "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்கும் பிள்ளையை அதட்ட நமக்கு என்ன உரிமை?

சரி, அந்தப் பையனுக்கு நான் சொல்லத் தவறியதை இன்று சொல்கிறேன். கதையை முதலில் பார்ப்போம்.

கந்தபுராணத்தைத் தமிழில் பாடியவர் கச்சியப்ப சிவாச்சாரியார். காஞ்சிபுரத்தில் குமரகோட்டம் என்ற முருகன் கோயிலில் பூசை செய்தவர். ஆறு காண்டங்களில் 10,345 பாடல்கள் கொண்ட நூல் அது. அதில் வரும் அசுரர்கள் அண்ணன் தம்பிகள் மூவர். மூத்தவன் சூரபதுமன், அடுத்தவன் சிங்கமுகன், இளையவன் யானைமுகம் கொண்ட தாரகன். சூரன் கடுந்தவம் செய்து சிவபெருமானிடம் வரம் பெறுகிறான். 1008 அண்டங்களை 108 யுகம் ஆளும் வரம் அது. சிவனுடைய சக்தியைத் தவிர வேறெதுவும் தன்னை வெல்லக் கூடாது என்றும் வாங்கிக்கொள்கிறான். கடல் நடுவே வீரமகேந்திரபுரம் எழும்புகிறது. தேவர்கள் அங்கே குற்றேவல் செய்கிறார்கள்; இந்திரன் மகன் சயந்தன் சிறையில் கிடக்கிறான்.

ஒன்றைக் கவனியுங்கள். சூரன் சோம்பேறி அல்லன். தவம் செய்தான், பாடுபட்டான், கேட்டதைப் பெற்றான். பெற்ற பிறகு "எல்லாம் என்னால்" என்றான். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது நாம் சூரனுக்குக் கோரைப்பல் வைத்துவிடுகிறோம். புராணம் அவனுக்கு வைத்த குற்றம் இதுதான்.

இனிப் போருக்கு வருவோம். முருகன் படையோடு வந்தபோது முதலில் எதிர்த்தவன் தாரகன். அவனுக்குத் துணை கிரவுஞ்ச மலை. அந்த மலையே ஓர் அசுரன்தான். வீரவாகுவும் மற்ற வீரர்களும் தாரகனைத் துரத்திக்கொண்டு அந்த மலைக்குகைக்குள் நுழைகிறார்கள். வழி தெரியாமல் மயங்கி விழுகிறார்கள். வழியைக் காட்டுவதுபோல் காட்டி உள்ளே இழுத்து மயக்குவது எதுவோ, அதற்குப் பெயர் மாயை. தாரகனை மாயை என்று பெரியோர்கள் சொன்னதற்குக் கதையிலேயே ஆதாரம் இருக்கிறது பாருங்கள்.

அடுத்தவன் சிங்கமுகன். அவனுக்கு ஆயிரம் தலை, இரண்டாயிரம் கை. வெட்ட வெட்ட முளைக்கின்றன. நாம் செய்த வினையும் அப்படித்தானே? ஒன்றைத் தீர்க்கப் போய் இன்னொன்றைச் செய்துவிட்டு வருகிறோம். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. சிங்கமுகன் கன்மம்.

இந்தச் சிங்கமுகனைப் பற்றி இன்னும் ஒரு சொல். தேவர்களை விட்டுவிடு, இது நல்லதற்கல்ல என்று அண்ணனுக்குப் புத்தி சொன்னவன் இவன். அண்ணன் ஏசினான். சரி, பிறந்த கடனுக்கு உன்னோடு நின்று சாகிறேன் என்று போர்க்களம் வந்தான். இராமாயணத்துக் கும்பகருணனை அறிந்தவர்களுக்கு இவனையும் அடையாளம் தெரியும். எனக்கு இவன் மேல் ஓர் இரக்கம் உண்டு.

கடைசியாக நிற்பவன் சூரன். அவன் ஆணவம். "நான்" என்பது. மாயையும் வினையும் போன பிறகும் அது நிற்கும்.

இங்கேதான் கந்தபுராணத்தின் உச்சமான இடம் வருகிறது. போருக்கு நடுவே முருகன் தன் பேருருவைச் சூரனுக்குக் காட்டுகிறார். அவனுக்குச் சற்று நேரம் தெளிவும் தருகிறார். சின்னப் பாலகன் என்று எண்ணி ஏளனம் செய்தவன் அப்படியே மலைத்து நிற்கிறான். கோபம் போய்விடுகிறது, பகை போய்விடுகிறது. உடம்பு முழுதும் வணங்கத் துடிக்கிறது. ஆனால் வணங்கவில்லை. ஏன்? மானம் தடுக்கிறது. தோற்றவன் என்று சொல்லிவிடுவார்களே என்ற மானம்! கச்சியப்பர் அந்த இடத்தை எழுதியிருப்பதைப் படித்தால் பகைவன் மேலேயே நமக்குக் கண்ணீர் வரும். அந்த உருவம் மறைந்ததும் அவன் பழைய சூரனாகிறான். உண்மையைப் பார்த்த பிறகும், இது உண்மை என்று உள்ளத்தில் தெரிந்த பிறகும், மறுபடி வாளை எடுக்கிறான்.

நேயர்களே, இதை நாம் செய்ததில்லையா? கை ஓங்கியது தவறு என்று மறுகணமே தெரிந்துவிடுகிறது. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு அடங்கிவிடும். அந்த வார்த்தை தொண்டை வரை வந்து நிற்கிறது. வெளியே வர விடாமல் தடுப்பது எது?

அதன் பிறகு சூரன் பல உருவம் எடுத்துப் பார்க்கிறான். கடைசியில் கடலுக்கு நடுவே பெரிய மாமரமாக நிற்கிறான். சில சொற்பொழிவாளர்கள் இந்த மாமரத்தில் வேர் என்றால் இது, கிளை என்றால் இது, இலை என்றால் இது என்று ஒரு மணி நேரம் விளக்குவார்கள். எனக்கு அவ்வளவு தெரியாது. கதையின் ஒவ்வொரு நரம்புக்கும் பொருள் கண்டுபிடிக்கத்தான் வேண்டுமா என்ற ஐயமும் எனக்கு உண்டு. கதை தானாகக் காட்டுகிற இடத்தில் பார்த்தால் போதும். காட்டாத இடத்தில் அதைக் கதையாகவே விட்டுவிடலாம். பொருள் சொல்கிறேன் பேர்வழி என்று கதையையே பிள்ளைகள் மறந்துபோகும்படி செய்துவிட்டால், அதனால் யாருக்கு என்ன லாபம்?

முருகன் வேலை விடுகிறார். வேல் என்பது ஞானம் என்பார்கள். நுனி கூர்மை, நடு அகலம், அடி நீளம். அறிவும் அப்படி இருக்க வேண்டும். அது சூரனை இரு கூறாகப் பிளக்கிறது. ஒரு கூறு மயிலாகவும் மற்றொரு கூறு சேவலாகவும் ஆகி மறுபடியும் சண்டைக்கே பாய்ந்து வருகின்றன. பிளந்த பிறகும் பகை தீரவில்லை! அப்போது முருகன் இரண்டையும் பார்க்கிறார். பார்வை ஒன்றுதான், வேறு ஆயுதம் இல்லை. மயில் பணிந்து வாகனமாகிறது. சேவல் பணிந்து கொடியில் ஏறுகிறது.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வரலாம். சூரன் செத்தானா, சாகவில்லையா?

சாகவில்லை. சைவ சித்தாந்தம் என்ன சொல்கிறது என்றால், ஆணவம் என்பது உயிரோடு என்றைக்கும் ஒட்டி இருப்பது. செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல என்று உவமை சொல்வார்கள். முத்தி நிலையில்கூட அது அழிவதில்லை. அதன் வலிமைதான் அடங்குகிறது. விளக்கை ஏற்றினால் வீட்டு இருட்டு எங்கே போகிறது? எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருக்கிறது. திரியை இழுத்தால் அடுத்த நொடி வந்துவிடும். ஆகவேதான் கதையில் தாரகன் செத்தான், சிங்கமுகன் செத்தான், சூரன் மட்டும் சாகவில்லை. இவ்வளவு நுட்பமான சாத்திரத்தை, எழுத்து வாசனை அறியாத பாட்டியும் பேரனுக்குச் சொல்லும்படி ஒரு மயிலிலும் சேவலிலும் வைத்துவிட்டார்கள்.

வருசா வருசம் ஏன் கொல்கிறோம் என்று கேட்டானே, அதற்கும் இதுவே விடை. சாகாதவனை ஒரே நாளில் எப்படித் தீர்ப்பது?

சரி, மயிலும் சேவலும் எதற்கு? மயில் தன் தோகையைத் தானே வியந்து ஆடுகிற பறவை. "என்னைப் பார்" என்கிற குணம் அது. அந்தக் குணத்தின் முதுகில் இறைவன் ஏறி உட்கார்ந்துவிட்டால் அழகு அழகாகவே இருக்கிறது. ஆனால் யாரைச் சுமக்கிறோம் என்று அதற்குத் தெரிந்துவிடுகிறது. சேவலுக்குச் சத்தம் பெரிது. "நான், நான்" என்று கூவிக்கொண்டிருந்த அதே தொண்டை இப்போது விடியலைச் சொல்கிறது. தோட்டத்துக்காரர்களாகிய நமக்குச் சேவலின் அருமையை யாராவது சொல்ல வேண்டுமா? சங்கு ஊதுவதற்கு முன்னால், பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்னால் எழுந்து சோறு கட்டிய என் தாய்க்குக் கடிகாரம் சேவல்தான்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் இந்தக் கதை எனக்கு உண்மையில் விளங்கியது வகுப்பறையில் அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பையனின் தாய் ஒருநாள் மாலை பள்ளிக்கு வந்தார். பையன் வீட்டுப்பாடம் எழுதுவதில்லை என்று நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். வீட்டில் இரவில் அமைதி இல்லை வாத்தியாரே, எங்கே உட்கார்ந்து எழுதுவான் என்றார். கணவருக்குக் குடி. பகலில் நல்ல மனிதர், நல்ல உழைப்பாளி, எனக்கும் தெரியும். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பவர். அங்கே 1892 முதல் நடந்து வருகிற திருவிழாவில் அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் காவடி ஏறியிருக்கிறது என்று சொல்லிப் பெருமைப்படுவார். 48 நாள் விரதம். அந்த 48 நாளும் ஒரு சொட்டுத் தொடமாட்டார். மரக்கறிச் சாப்பாடு, பாய் இல்லாத வெறுந்தரையில் படுக்கை, வீட்டில் உரத்த பேச்சு இல்லை. 272 படியும் ஏறி இறங்கி, ஒரு வாரம் கழிந்தால் பழையபடி.

அந்த அம்மா கேட்டார்: "அந்த நாற்பத்தெட்டு நாள் மட்டும் அந்தக் குடி எங்கே போயிருது வாத்தியாரே?"

மகன் கேட்டதும் தாய் கேட்டதும் ஒரே கேள்விதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்று இரவு எனக்கு இடும்பன் நினைவுக்கு வந்தான். காவடி எடுக்கிற நம் ஆட்களில் பலருக்கும் இந்தக் கதை அரைகுறையாகத்தான் தெரியும். பழனித் தலபுராணம் சொல்வது இது: அகத்தியர் கயிலையில் சிவபெருமானிடம் சிவகிரி, சத்திகிரி என்ற இரண்டு குன்றுகளைப் பெறுகிறார். அவற்றைத் தெற்கே கொண்டுவர இடும்பன் என்ற அசுரனை ஏவுகிறார். இடும்பன் சூரன் கூட்டத்தில் போரில் தப்பிப் பிழைத்தவன். ஒரு தண்டத்தைத் தோளில் வைத்து, பாம்புகளைக் கயிறாகக் கட்டி, இரு பக்கமும் இரு குன்றுகளைத் தொங்கவிட்டு நடக்கிறான். அதுதான் முதல் காவடி.

நம் தோட்டங்களில் தோளில் கம்பு வைத்து, இரு பக்கமும் பால் வாளி தொங்க, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்த தலைமுறைக்கு இந்தப் படம் புரியும். காண்டாக் கம்பு என்போமே, அந்தத் தழும்பு என் தாயின் தோளில் கடைசி வரை இருந்தது. உலகத்தில் எத்தனையோ சமயங்களில் எத்தனையோ வழிபாடுகள் உண்டு. பாரம் சுமக்கிற கூலிக்காரனின் நடையையே வழிபாடாக ஆக்கிய கதை நம்முடையது. என் பிள்ளைகளிடம் நான் தலைநிமிர்ந்து சொல்வது இதைத்தான்.

பழனி வந்ததும் இடும்பன் களைத்துப் பாரத்தை இறக்குகிறான். மறுபடி தூக்கினால் எழும்பவில்லை. மேலே பார்த்தால் கோவணம் கட்டிய ஒரு சிறுவன் குன்றில் நிற்கிறான், "இது என் மலை" என்கிறான். சண்டை மூளுகிறது. இடும்பன் விழுந்து உயிர் விடுகிறான். இத்தனை தூரம் மலையைத் தூக்கி வந்த வலிமை, ஒரு சிறுவனுக்கு முன்னால் விட்டுக்கொடுக்கத் தெரியாததால் மடிந்தது. இதுவும் சூரன்தான், வேறு சட்டையில்.

அப்போது அவன் மனைவி இடும்பி வருகிறாள். அவளிடம் வேல் இல்லை, வரம் இல்லை. கண்ணீர் விட்டு மன்றாடுகிறாள். அவன் எழுகிறான். எழுந்தவன் என்ன கேட்டான் தெரியுமா? உன் வாசலில் காவல் நிற்கிறேன். என்னைப்போல் தோளில் சுமந்து வருகிறவர்களுக்கு அருள் செய் என்றான். பழனிக்குப் போகிறவர்கள் படிவழியில் இடும்பனை வணங்கிவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்கள். பக்கத்தில் இடும்பன் மலை என்று தனிக் குன்றே இருக்கிறது.

அந்தத் தாய்க்கு நான் சொன்ன விடை இதுதான்: "குடி எங்கேயும் போகலை அம்மா. அந்த நாற்பத்தெட்டு நாள் அவரிடம் இருக்கிற பலம் அதை அடக்கி, வாசலில் நிற்க வைக்கிறது. அந்தப் பலம் நாற்பத்தொன்பதாம் நாளும் அவரிடம்தான் இருக்கிறது. அதற்கு வேலை கொடுக்காமல் விட்டுவிடுகிறார்." சொல்லிவிட்டேனே தவிர, அவருக்கு இது எவ்வளவு தூரம் உதவும் என்ற கவலை எனக்கு இருந்தது. குடிக்கு மருத்துவரின் உதவியும் தேவைப்படும், அதையும் கேளுங்கள் என்றேன். புராணம் மட்டும் போதும் என்று சொல்கிறவன் அல்லன் நான்.

வகுப்பில் பையனை எழுப்பி, நீ கேட்டது நல்ல கேள்வி, நான்தான் அன்று தப்பாக அதட்டிவிட்டேன் என்று எல்லார் முன்பும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் தொண்டையிலும் ஏதோ அடைத்தது. பிறகு சூரன் கதையையும் இடும்பன் கதையையும் இரண்டு நாள் எடுத்துச் சொன்னேன். அவன் வீட்டில் போய் ஒப்பித்திருக்கிறான்.

சில வாரங்கள் கழித்துப் பள்ளி வேலியைச் செப்பனிடப் பெற்றோர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் தந்தையும் வந்திருந்தார். குடியை விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். சில வாரம் விட்டார், சில வாரம் விடவில்லை, அதுதான் உண்மை. பலகையை எனக்குப் பிடித்துக்கொண்டிருந்தவர், மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போன சமயம் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"வாத்தியாரே, செத்த இடும்பனுக்காக அழுது கேட்டது அவன் பெண்டாட்டிதானாமே?"

"ஆமாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானும் இருபது வருசமா காவடி எடுக்கிறேன். அரோகரா போடுறோம், இடும்பன் பேரைச் சொல்றோம். அவ பேரை ஒருத்தனும் சொன்னதில்லையே" என்றார். சுத்தியலை எடுத்துக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போய்விட்டார்.